தமாஷா என்று சொல்பவர்களுக்கு

நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஐபிஎல் பேச்சை எடுத்தால் போதும், ஒருவர் தவறாமல் சொல்வார்: "அது கிரிக்கெட்டே இல்லை சார், தமாஷா." வழக்கமாகத் தலையாட்டிவிட்டு நடப்பேன். சென்ற வாரம் முடியவில்லை. அங்கே மென்று விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

2008-ல் நானும் அப்படித்தான் பேசினேன். பிப்ரவரியில் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டபோது, மாட்டுச் சந்தையா என்று ஆழ்வார்பேட்டையில் நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. தோனிக்கு 15 லட்சம் டாலர்! ஏப்ரல் 23-ம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் ஆட்டம். மாப்பிள்ளை டிக்கெட் வாங்கிவிட்டாரே என்று போனேன். சென்னை 208, மும்பை 202. ஆறே ரன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பணம்தான் ஜெயிக்கும் என்றோமே, நடந்தது என்ன? எட்டு அணிகளில் அதிக விலைக்குப் போனது மும்பை, 11 கோடி டாலருக்கு மேல். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள், அடுத்த ஆறிலும் ஜெயித்தார்கள். பிறகு பஞ்சாபிடம் ஒரே ரன்னில் தோல்வி, ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோல்வி. முடிவில் 14 புள்ளி. டில்லிக்கு 15. அந்த ஒரு புள்ளி, கொல்கத்தாவில் மழையால் ஆட்டம் நின்றதில் டில்லிக்குக் கிடைத்தது. மும்பை வெளியே! நம்மவர்களும் நான்கு ஆட்டம் ஜெயித்து, மூன்று தோற்று, தட்டுத்தடுமாறி 16 புள்ளியோடுதான் உள்ளே போனார்கள். கோப்பையைக் கொண்டுபோனது, எல்லாரையும்விடக் குறைந்த விலைக்குப் போன ராஜஸ்தான். தமாஷா இப்படியா நடக்கும்?

"மூணு மணி நேரத்தில் முடிவது ஆட்டமா?" என்பது அடுத்த கேள்வி. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, 1934 நவம்பர் 4-ல். ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூரைச் சென்னை ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டது. அதைத் தமாஷா என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. "அந்தக் காலத்தில் காசுக்காக ஆடவில்லை" என்று ஒரு பெருமூச்சு விடுகிறார்களே, அது. என் அத்தான் 1970-களில் ஒரு கம்பெனி அணிக்காக லீக் ஆடியவர். பெயர் வேண்டாம். பந்து வீசத்தான் வேலைக்கு எடுத்தார்கள்; சம்பளச் சீட்டில் மட்டும் குமாஸ்தா. முழங்கால் போன பிறகு அவரை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டத்துக்காக விட்ட பரீட்சைகளைச் சொல்லியே பதவி உயர்வை மறுத்தார்கள். பின்னால் சேர்ந்த பையன்கள் அவருக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். அப்போதும் காசுதான் இருந்தது சார், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏலத்தில் விலையாவது ஊரறியச் சொல்கிறார்கள்.

சூதாட்ட விவகாரத்தில் நம் சென்னை அணி 2016, 2017 இரண்டு வருடம் ஆட முடியாமல் போனதை மறக்கவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அரைகுறை ஆடையில் பெண்களை ஆடவிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜூன் 1-ம் தேதி இரவு மைதானத்தில் நடந்தது ஆட்டம்தான்.

அன்று அத்தான் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சென்னை 163. கடைசி ஓவரில் ராஜஸ்தானுக்கு 8 ரன் வேண்டும், பந்து வீச வந்தவர் பாலாஜி. கடைசிப் பந்துக்கு ஒரு ரன் பாக்கி. தன்வீர் தட்டிவிட்டு ஓடினார், முடிந்தது. பேரன் அழுதான். மாப்பிள்ளை எழுந்து டிவியை அணைத்தார். அத்தான் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நன்னாத்தான் போட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோத்தாலும் பணம் உண்டா இவனுக்கு?" என்று கேட்டார்.

உண்டு என்றேன்.

"குடுக்கட்டும், குடுக்கட்டும்" என்று செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.