எவ்வயதினர்க்கும் உரிய கதை

கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அது இரு பாகத் திரைப்படமாக வந்தபின், எம் மாணவர் சிலர் மூலநூலைத் தேடத் தலைப்பட்டனர். ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூலைச் சிறாரும் முதியோரும் ஒருங்கே விரும்புவது எதனால்?

நடையின் எளிமையே காரணம் என்பர் சிலர். அது முழு உண்மை அன்று. சாம்பல்தீவில் எம் இல்லத்தில் மாலைதோறும் அந்நூலை உரக்கப் படித்து வந்தேன். பத்து வயதினனாகிய என் தங்கையின் பேரன், வந்தியத்தேவன் தப்பினானா என்றே ஓயாது வினவினான். எண்பதைக் கடந்த என் அன்னையாரோ, கைக்கெட்டிய மணிமுடியை அருள்மொழிவர்மர் பிறர்க்கு ஈந்த இடத்தில் கண் கலங்கினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாவர் என்பதில் கல்கி ஐயத்துக்கு இடம் வைத்தமையால், இருவரும் இரவு நெடுநேரம் வாதிட்டனர்.

சிறுவர்க்கு ஒரு பகுதி, பெரியோர்க்கு ஒரு பகுதி எனக் கல்கி வகுத்தாரல்லர். ஒரே நிகழ்ச்சியில் சிறுவன் வீரத்தைக் கண்டான். முதியவர் துறவைக் கண்டார்.

ஆயினும் எழுத்து மட்டும் போதாது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நூலின் பெயரை அறிந்தவர் என் வகுப்பில் ஓரிருவரே. கல்கிக்கு வீடுதோறும் செல்லும் இதழ் இருந்தது. 1999 இல் அவர் நூல்கள் நாட்டுடைமையானபின் பதிப்பகங்கள் பல மலிவு விலையில் அச்சிட்டன. சரவணமுத்துப்பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பழியை மாணவர்மேல் சுமத்தல் தகாது.

இன்றைய எழுத்தாளருள் பலர் சிறுவர் கதையில் துயரையும் இறப்பையும் மறைத்து, அறிவுரையை நிறைக்கின்றனர். பெரியோர் கதையில் ஆவலைத் தூண்டும் நிகழ்ச்சிகளை இழிவென விலக்குகின்றனர். முன்னதைச் சிறுவர் நம்பார். பின்னதைக் கேட்க வீட்டார் கூடியிரார்.

கதை எழுதுவோர் அச்சுக்கு அனுப்புமுன் அதனை ஒரு சிறுவனும் ஒரு மூதாட்டியும் இருக்கும் முற்றத்தில் படித்துக் காட்டுக. ஆசிரியராகிய நாமும் தேர்வு வினாக்களைச் சற்றே ஒதுக்கி, வாரம் ஒரு பாடவேளையேனும் 'மோகனாங்கி' போன்ற நூல்களை வாய்விட்டுப் படிப்போம். எம் மாவட்டத்து நாவலாசிரியர் எம் பிள்ளைகளுக்கு அந்நியராய்ப் போதல் பெருங்குறையன்றோ?