பேட்டரி லோடு வண்டி: ஓட்டம் இருந்தால் லாபம்

நம் கடைவீதிகளில் சத்தமில்லாத லோடு ஆட்டோக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கைபேசியில் ஆர்டர் போட்டால் வாசலில் சரக்கு வந்து இறங்கும் காலம் இது. சிறு மளிகைக் கடைக்காரரும் "வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறோம்" என்று பலகை வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வண்டி வேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், டீசல் செலவில்லாத பேட்டரி வண்டியாகவே வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வணிகர்கள் பலருக்கும் இருக்கிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேட்டரி வண்டி நல்ல வண்டிதான். ஆனால் நாளொன்றுக்கு 20, 25 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் தனிக் கடைக்கு அது கட்டுபடியாகாது. நாலு கடைகளுக்குச் சேர்ந்து ஓடினால் கட்டுபடியாகும்.

புதிய வண்டி என்பதற்காக நாம் இதை எதிர்க்கவில்லை. மாட்டு வண்டியிலிருந்து மூன்று சக்கர சைக்கிளுக்கும், அதிலிருந்து லோடு ஆட்டோவுக்கும் மாறியவர்கள் நாம். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் "குட்டி யானை" என்று செல்லப் பெயர் வைத்து வரவேற்றோம். ஒவ்வொரு முறையும் மாறியதற்குக் காரணம், ஒரு மூட்டையைக் கொண்டு போகும் செலவு குறைந்ததுதான். இப்போதும் அதையே பார்க்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், லோடு ஆட்டோ சுமையோடு லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றே கால் ரூபாய் ஆகிறது. பேட்டரி வண்டி ஒரு யூனிட்டில் 9 கிலோமீட்டர் போகிறது, கடை இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்து காசு. ஆயில் மாற்றுவது, ஃபில்டர், கிளட்ச் போன்ற செலவுகள் இதில் இல்லை. எப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம். விற்பனையாளர் சொல்லும் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். நம் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பேட்டரி வண்டிக்கு டீசல் வண்டியைவிட 1 லட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று கொள்வோம். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்றால் 12,000 ரூபாய். வண்டி தினம் 80 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடினால் 24,000 கிலோமீட்டர். மிச்சம் 48,000 ரூபாய். வட்டி போக 36,000 நிற்கிறது. கூடுதலாகப் போட்ட லட்சம் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். தாராளமாக வாங்கலாம்.

அதே வண்டி தினம் 25 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் வருஷத்துக்கு 7,500 கிலோமீட்டர். மிச்சம் 15,000 ரூபாய். வட்டி போக நிற்பது 3,000. அந்த வேகத்தில் லட்சம் திரும்ப 33 ஆண்டுகள் ஆகும். அதுவரை வண்டியும் இருக்காது, பேட்டரியும் இருக்காது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த லட்சத்தைச் சர்க்கரையிலும் பருப்பிலும் போட்டால், மாதம் ஒரு புரட்டு, புரட்டுக்கு 2 சதவீதம் நின்றாலும் வருஷத்துக்கு 24,000 ரூபாய். சிறு கடைக்குச் சரக்கில் புரளும் பணம்தான் உயிர். அதை எடுத்து வண்டியில் முடக்கிவிட்டு, கடையில் அலமாரி காலியாக இருந்தால், வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க என்ன இருக்கும்? வண்டி ஓடினால்தான் மிச்சம். தவணையோ வண்டி நின்றாலும் வரும்.

வரி விஷயம்

பேட்டரி வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டீசல் லோடு ஆட்டோவுக்கும் சரக்கு வாகனத்துக்கும் 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. இந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஒரே மாதிரி லாபம் அல்ல. முறையான பதிவில் வரி வசூலித்து விற்கும் வணிகர், சரக்கு வாகனத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு 5 என்றாலும் 18 என்றாலும் பெரிய வேறுபாடில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் பதிவே இல்லாதவருக்கும் கட்டிய வரி செலவுதான். அவர்கள் விலையை ஒப்பிடும்போது வரியோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். வரிவிலக்குள்ள சில்லறை அரிசி, பருப்பு வியாபாரம் பாதிக்குமேல் இருப்பவருக்கு உள்ளீட்டு வரியும் அந்த விகிதத்தில் குறையும். ஆடிட்டரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பின்னால் பேட்டரியை மட்டும் தனியாக மாற்றினால் அதற்கு வரி 18 சதவீதம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குடும்பத்துக்குக் கார் வாங்குவோர், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் பற்றிக் கேட்கிறார்கள். அதற்கும் இதே கணக்குதான். இரவுதோறும் சார்ஜ் போட்டு, பகலில் நிறைய ஓட்டுபவருக்கே அதில் பயன். பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். நம் சொந்தக் காருக்கு உள்ளீட்டு வரியும் கிடையாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கம்பெனி சொல்லும் தூரம் சோதனைத் தூரம். நம் வேலையில் சுமை, மேம்பாலம், நெரிசல் எல்லாம் உண்டு. 550 கிலோ ஏற்றலாம் என்ற வண்டியில் 26 கிலோ அரிசிச் சிப்பம் 21 ஏற்றலாம். முப்பது ஏற்றிப் பழகியவர்கள் நம்மில் உண்டு. பேட்டரி வண்டியில் அப்படி ஏற்றினால் தூரம் குறையும், பாதி வழியில் நிற்கவும் நேரும்.

பேட்டரி உத்தரவாதத்தில் ஆண்டு, கிலோமீட்டர் என இரண்டு எல்லைகள் இருக்கும். எது முந்துகிறதோ அத்தோடு உத்தரவாதம் முடியும். பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் பேட்டரி காலப்போக்கில் தேயும். வெயிலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் தேயும். சும்மா நிற்கும் கடை வண்டிக்கு இது இன்னொரு நஷ்டம்.

சார்ஜ் போடும் பவர் பிளக்குக்குச் சரியான வயரிங்கும் எர்த்தும் வேண்டும். சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் அடுக்கிய குடோனுக்குள் இரவெல்லாம் சார்ஜ் போடுவது கூடாது.

நம் யோசனை

வாரத்துக்கு இரண்டு நடை மட்டும் இருப்பவருக்கு வாடகை வண்டியே மலிவு. தினமும் இருபது கிலோமீட்டர் ஓட்டம் உள்ள கடைகள் ஒரே வீதியில் நாலு இருந்தால், நாலு பேரும் நாலு வண்டி வாங்கி நாலு தவணை கட்ட வேண்டாம். ஒருவர் வாங்கட்டும். மற்ற மூவரும் மாதத்துக்கு இத்தனை நடை, நடைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும். அப்போது அந்த ஒரு வண்டி 80 கிலோமீட்டர் ஓடும். மேலே சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு நிஜமாகும்.

கூட்டு என்றால் சண்டை வரும் என்பார்கள். அதனால்தான் கூட்டாக வாங்கச் சொல்லவில்லை. வண்டி ஒருவர் பேரில், தவணையும் இன்சூரன்சும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். வாடகைக்கு ஓடும் என்பதை இன்சூரன்ஸ் எடுக்கும்போதே தெரிவிக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பேட்டரி வண்டிகளுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு தனியாகவே விலக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொரு கடைச் சரக்குக்கும் அவரவர் பில் வண்டியில் இருந்தால் போதும். காலை எட்டு மணி நடை யாருக்கு, பண்டிகை வாரத்தில் முதல் நடை யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் மனக்கசப்பு வராது.

பெரிய நிறுவனங்களின் டெலிவரி மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், ஒரே வண்டியில் பல வீட்டுச் சரக்கு போவதுதான். நம் வீதியில் நாலு கடைகள் ஒன்று சேர்ந்தால் அந்த வசதி நமக்கும் கிடைக்கும். பக்கத்துக் கடைக்காரர் நமக்குப் போட்டியாளர்தான். ஆனால் நம் வாடிக்கையாளரைக் கொண்டு போகிறவர் அவர் அல்ல என்பதை நண்பர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் ஒரு மாதத்துக்கு ஒரு சிறு நோட்டு போடுங்கள். தினம் எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மூட்டை என்று குறியுங்கள். மாதக் கடைசியில் பக்கத்துக் கடைக்காரரின் நோட்டோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வண்டி வாங்கலாமா, வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.