பருத்தி தந்த பாடமும் தேயிலை கேட்கும் நீதியும்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் ராகலைத் தேயிலை மலைகளுக்கும் தொடர்பு யாது என்று வினவுவோர் உளர். ஒரு நாட்டின் கருவூலத்தை ஒரே பயிர் நிரப்பும்போது, அப்பயிரை வளர்ப்பவனின் உரிமைக்கு என்ன நேர்கின்றது என்பதே அத்தொடர்பு.

1860ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதி மதிப்பில் அரைப்பங்குக்கு மேல் ஈட்டித் தந்தது பருத்தியே. லங்காஷயர் ஆலைகள் பெரும்பாலும் அப்பருத்தியாலேயே ஓடின. அதை விளைவித்த அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆயினும் 1787இல் வரையப்பட்ட அரசியல் யாப்பு, ஆசனங்களைப் பங்கிடுகையில் அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டது. அக்கணக்கின் பலனை நுகர்ந்தோர் யாவர்? அவர்களை விலைக்கு வாங்கிய எசமானரே!

நம் தோட்டத் தொழிலாளர் அடிமைகள் அல்லர். 1947இல் வாக்களித்தனர், நுவரெலியாவிலிருந்து தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. எனினும் மக்கள் தொகையைக் கொண்டு வகுத்த தொகுதிகளில் அவர்தம் தலைகளும் எண்ணப்பட்டிருந்தன. அமெரிக்கா ஐவரை மூவராக எண்ணியது. இலங்கை ஐவரையும் முழுமையாக எண்ணிவிட்டு, அந்த ஆசனங்களைப் பிறர் கையிற் கொடுத்தது. அக்காலத்தில் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையே தந்தது. நாடு உண்ட கூப்பன் அரிசியில் அவர்கள் வியர்வை கலந்திருந்தது.

1983இல் மூண்ட போர் தேயிலைக்காக நிகழ்ந்ததன்று. ஆனால், ஒரு சமூகத்தின் உரிமையைச் சாதாரணப் பெரும்பான்மையாற் பறிக்கலாம் என்னும் வழக்கம் தோன்றியது தேயிலை மலையிலேயாம். 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கிற் பிரிவிக் கவுன்சிலும் அச்சட்டங்களை ஏற்றது. அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு காக்கும் என நம்பியோர் ஏமாந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1956இல், தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மலையில் விழுந்த அடி வடக்கிலும் கிழக்கிலும் எதிரொலித்தது.

வடபுல விவசாயிகளே! 1970க்குப் பின் அந்நியச் செலாவணி அருகியபோது இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. அதே காலத்தில், 1973-74இல், தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் உங்கள் சந்தையைச் சாய்த்தது. அதே ஆண்டு வன்செயலுக்கு அஞ்சி மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு ஓடி வந்தன. அங்கு உங்கள் வயல்களிற் கூலிக்கு நின்ற கரங்களை மறந்துவிட்டீர்களா?

1865இல் அமெரிக்க அடிமைகள் விடுதலை பெற்றனர், நிலம் பெறவில்லை. எனவே பழைய எசமானரின் காணியிலேயே வாரக் குடிகளாய்க் கடனில் அமிழ்ந்தனர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென்றும் 3,00,000 பேரை இலங்கையின் பங்கென்றும் கூறுபோட்டது. எஞ்சியோருக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமை வழங்கின. ஆனால் காணி? உறுதிப் பத்திரமின்றி லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் பலவாகும்.

வாக்கு மட்டும் பெற்று, வீட்டுக்குத் துரைமாரின் தயவை நாடுபவன் முழுப் பிரஜை ஆகான். வீட்டுக்கும் பயிருக்கும் காணி. அக்காணிக்கு அவன் பெயரில் உறுதி. இதைக் கேட்பது சலுகையன்று, நாடு அவனுக்குப் பட்ட கடன். சட்டம் கற்ற தமிழரும் நிலம் உழும் தமிழரும் இக்கோரிக்கையைத் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும். 1948இல் நாம் காட்டத் தவறிய ஒற்றுமையை இன்றேனும் காட்டுவோமாக!