ஜியோபாலிமர் கான்கிரீட்டின் வலிமை: எங்கள் நிலைப்பாடு

சிமென்ட் இல்லாமல், அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றைக் காரக் கரைசலால் இறுகவைத்து உறுதியான கான்கிரீட் செய்ய முடியும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இதுவே ஜியோபாலிமர் கான்கிரீட். ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகருக்கு அருகே 2014-இல் திறக்கப்பட்ட வெல்கேம்ப் விமான நிலையத்தில் ஏறத்தாழ 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் கான்கிரீட் போடப்பட்டது. எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அனல்மின் நிலையச் சாம்பல் குவியும் தமிழ்நாடு இதை ஒதுக்கிவைக்கக் கூடாது. ஆனால் ‘இத்தனை மெகாபாஸ்கல்’ என்ற ஒற்றை வலிமை எண்ணைக் காட்டி இதை விற்பதை நாங்கள் ஏற்கவில்லை.

அந்த எண் எப்படி வந்தது என்பதே எங்கள் கேள்வி. சுண்ணாம்புச் சத்து குறைந்த சாம்பல் சாதாரண வெப்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். ஆய்வகத்தில் 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சூடேற்றிய சோதனைக் கனசதுரத்தின் வலிமையை, வெறுமனே வெளியில் விட்ட தூணிடம் எதிர்பார்க்க முடியாது. இரும்பு உருக்காலைக் கசடு சேர்த்தால் சூடு தேவைப்படாது. ஆனால் கலவை விரைவில் கெட்டிப்பட்டுவிடும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். மேட்டூர் சாம்பலுக்கு வகுத்த கலவையை அதற்கு அப்படியே பயன்படுத்துவது ஆபத்து. காஸ்டிக் சோடாக் கரைசலின் செறிவைக் கூட்டுவதும் ஓரளவுக்குத்தான் பலன் தரும். இளக்கத்துக்காகத் தளத்தில் ஊற்றும் கூடுதல் தண்ணீரோ வலிமையை நேரடியாகக் குறைக்கும்.

வலுவூட்டக் கலவையில் சேர்க்கும் இழைகளைப் பற்றித்தான் மிகைப்பேச்சு அதிகம். எஃகு இழை அழுத்த வலிமையைப் பெரிதாக உயர்த்தாது. விரிசல் விட்ட பின்னும் பிடித்து நிறுத்துவதும் வளைவைத் தாங்குவதுமே அதன் வேலை. அளவு மீறினால் இழைகள் உருண்டு திரண்டு, கான்கிரீட்டுக்குள் வெற்றிடங்கள் விழும். சாதாரணக் கண்ணாடி இழையைக் காரம் அரிக்கும். சிர்கோனியா கலந்த கண்ணாடி இழைதான் தாக்குப்பிடிக்கும். தேங்காய் நாரையும் காரம் நாளடைவில் நலிவுறச் செய்யும். வழக்கமான 28-ஆம் நாள் வலிமைச் சோதனை இதைக் காட்டாது.

எனவே இப்போதைக்கு, கலவையையும் வெப்பத்தையும் ஆலையிலேயே கட்டுப்படுத்தக்கூடிய முன்வார்ப்புப் பொருள்களுக்கு மட்டுமே எங்கள் ஆதரவு. 2020-இல் வந்த இந்தியத் தர வழிகாட்டியான ஐ.எஸ். 17452-உம் அவற்றுக்கானதே. தளத்தில் வார்க்கும் தூண், உத்தரங்களுக்கு இப்போது ஒப்புதல் தரக் கூடாது. சாம்பல் வந்த இடம், கரைசலின் செறிவு, இறுகவைத்த வெப்பம், இழையின் வகையும் அளவும் ஒவ்வொரு சோதனைச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். அந்தக் காரக் கரைசலைக் கையாளும் தொழிலாளருக்குக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தராத ஒப்பந்ததாரருக்கு அனுமதி கூடாது.