சாத்தான் மேல் பழி போடாதீங்க



சிங்கப்பூரில் ஒவ்வொரு வருஷமும் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நெருங்கும்போது, பழைய தாம்சன் ரோடு பந்தயத்தின் கதையும் கூடவே வரும். கறுப்பு வெள்ளைப் படங்கள், "அந்தக் காலத்துல என்ன துணிச்சல்!" என்ற பெருமூச்சு. இங்கேயே பிறந்து, இப்போது நகர வரலாறு படிக்கிற எனக்கு அந்தப் பெருமூச்சோடு ஒரு சண்டை இருக்கு.

முதலில் கதை. 1961இல் சுற்றுலாப் பயணிகளை இழுக்க 'ஓரியண்ட் இயர்' என்று ஒரு பிரசாரம் நடந்தது. அதன் பகுதியாகத்தான் அப்பர் தாம்சன் ரோட்டில் கார்ப் பந்தயம் தொடங்கியது. அடுத்த வருஷம் அதன் பெயர் மலேசிய கிராண்ட் பிரீ. சிங்கப்பூர் தனி நாடான பிறகு, 1966 முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. 1973தான் கடைசி.

ஒரு சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். பந்தயத்துக்கென்று கட்டிய தளம் இல்லை. மற்ற நாட்களில் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாதாரணச் சாலை. ஓரத்திலேயே விளக்குக் கம்பங்கள், பஸ் நிறுத்தங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள். 'தாம்சன் மைல்' என்ற நேர்ச்சாலையில் முழு வேகத்தில் வரும் கார்கள் 'ஹம்ப்' என்ற மேட்டில் ஏறித் திரும்பணும். காட்டோரம் பாம்பாக நெளியும் வளைவுகளுக்கு 'ஸ்நேக்ஸ்' என்று பெயர். இன்னொரு வளைவு 'டெவில்ஸ் பெண்ட்', சாத்தான் வளைவு.

பந்தயம் நடந்த வருஷங்களில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். 1972, 1973 என்று கடைசி இரண்டு வருஷமும் மரணம். ஏன் நின்றது என்று கேட்டால் விபத்துகள், போக்குவரத்துத் தொல்லை, எண்ணெய் நெருக்கடி என்று பல காரணம் சொல்றாங்க.

என் சண்டை அந்த வளைவின் பெயரோடுதான். சாத்தான் வளைவு என்று சொன்னதும் குற்றவாளி கிடைச்சாச்சு. கால்வாய் பக்கத்தில் பந்தயம் விட்டது சாத்தானா? அடுத்த வருஷமும் அதே வளைவில் விட்டது சாத்தானா? எந்த இடம் ஆபத்து என்று பெயர் வைக்கிற அளவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே நடத்தினார்கள். ஆபத்து அங்கே தானாக முளைக்கவில்லை. அது ஒரு முடிவு.

முடிவை மாற்ற முடியும் என்பதற்கும் அதே சாலைதான் சாட்சி. இப்போது அது ஓல்டு அப்பர் தாம்சன் ரோடு. பக்கத்தில், பழைய ஹைனானியர் கம்பம் இருந்த இடத்தில், 2019இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்குகள் அடிபடாமல் கடக்க சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டினார்கள். சாலையையும் ஒரு தடமாகக் குறைத்தார்கள். நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன். ஓர் உயிர் முக்கியம் என்று முடிவெடுத்தால் சாலையையே மாற்றலாம்.

அப்படியென்றால் லாரிகளை ஏன் மாற்ற முடியவில்லை? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இந்த ஊரைக் கட்டுகிற ஊழியர்கள் இன்னும் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்துதான் வேலைக்குப் போறாங்க. முன் சீட்டில் இருப்பவருக்கு பெல்ட் கட்டாயம். பின்னால் இருப்பவர்களுக்கு பெல்ட்டே கிடையாது. 2021 ஏப்ரலில் பி.ஐ.இ. விரைவுச்சாலையில் அப்படிப் போன லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2023இல் மறுபடி கோரிக்கை எழுந்தபோது அரசு சொன்ன பதில்: தடை செய்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது, கட்டுமான வேலைகள் தாமதமாகும்.

"பந்தய வீரர்கள் விரும்பித்தானே போனாங்க?" என்று சிலர் கேட்பீர்கள். சரிதான். ஆபத்து தெரிந்து, ஹெல்மெட் மாட்டி, கோப்பைக்காகப் போனார்கள். லாரியில் ஏறுகிறவருக்கு அந்தத் தேர்வும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. ஏறலைன்னா அன்னிக்கு வேலை இல்லை.

அதனால் அடுத்த முறை யாராவது தாம்சன் ரோட்டின் துணிச்சலைப் புகழ்ந்தால், கேளுங்க. 'விபத்து' என்று செய்தி வந்தாலும் கேளுங்க: இந்த ஆபத்தை யார் முடிவு செய்தது? அதில் யார் உட்காருகிறார்கள்?

தோழமையுடன்.