கெண்டை மீனுக்கும் எலும்புச் சத்து வேண்டும்!

சந்தையில் வாங்கிய கட்லாவை வெட்டும்போது, சில நேரம் நடுமுள் வளைந்து நெளிந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிபட்டது, நோய், பிறவிக் குறை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, குளத்தில் போட்ட தீவனத்திலிருந்து மீனுக்குப் போதிய பாஸ்பரஸ் கிடைக்காமல் போவது.

எலும்பு என்றதும் நமக்குக் கால்சியம்தான் நினைவுக்கு வரும். ஆனால், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால்தான் எலும்பு கெட்டிப்படும். மீனுக்குக் கால்சியம் பெரிய கவலை இல்லை; செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் பாஸ்பேட் மிகவும் குறைவு என்பதால், அது இரை வழியாகத்தான் வர வேண்டும். எலும்புக்கும் செதிலுக்கும் மட்டுமல்ல, உடலின் ஒவ்வொரு செல்லும் இயங்குவதற்கு அது தேவை.

இந்த இடத்தில்தான் வைட்டமின் டி வருகிறது. நம் தோலில் வெயில் பட்டால் அது உருவாகும். பெரும்பாலான மீன்களோ அதை இரையிலிருந்தே பெறுகின்றன. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. இப்படிக் கைமாறி வந்த வைட்டமின், கல்லீரலிலும் கொழுப்பிலும் சேர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் குழந்தைகளின் எலும்பு வளையாமல் இருக்க மீன் எண்ணெய் புகட்டியதன் ரகசியம் இதுதான்.

மீனின் உடலில் இந்த வைட்டமின் செயல்படும் வடிவத்துக்கு மாறியதும், இரையில் உள்ள பாஸ்பேட்டைக் குடல் கூடுதலாக உறிஞ்ச உதவுகிறது. நன்னீர்க் கெளுத்திகளுக்கு வைட்டமின் டி செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் உயர்ந்தன.

சிறுநீரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருப்பதால், அது நிறைய சிறுநீர் கழிக்கும். அதோடு பாஸ்பேட்டும் போய்விடாமல் சிறுநீரகம் மீட்டுக்கொள்ள வேண்டும். கடல் மீனின் சிறுநீரகமோ, தேவைக்கு மிஞ்சிய பாஸ்பேட்டை வெளியே தள்ளுகிறது.

அப்படியானால், தீவனத்தில் வைட்டமின் டியை அள்ளிப் போட்டால் போதுமா? போதாது. குடலுக்கு வந்து சேரும் பாஸ்பேட், உறிஞ்சக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். கெண்டை இனங்களுக்குச் சிக்கலே அங்குதான்.

நம் ஊர்க் குளங்களில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பழகிய தீவனம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருந்தாலும், பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் ஃபைட்டேஸ் நொதி மீனிடம் போதுமான அளவு இல்லை. சரி, எலும்புத் தூள் கலக்கலாம் என்றால், அதைக் கரைக்க வயிற்று அமிலம் வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது!

அதனால்தான் எளிதில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டையோ, ஃபைட்டேஸ் நொதியையோ தீவனத்தில் சேர்க்கிறார்கள். சாதாக் கெண்டைக்கு, ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 7 கிராம் செரிக்கக்கூடிய பாஸ்பரஸ் தேவைப்படுகிறது. குளத்தில் இயற்கையாக வளரும் நுண்ணுயிர்களும் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. மீன்களை நெருக்கமாக விட்டு வளர்க்கும்போது அந்தப் பங்கு போதாது.

கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே என்றும் நினைக்கக் கூடாது. செரிக்காத பாஸ்பரஸ் கழிவோடு தண்ணீரில் கலக்கும். அது பாசிக்கு உரம். பகலில் பச்சைப்பசேல் என்று தெரியும் குளம், இரவெல்லாம் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். அதைக் கவனிக்காவிட்டால், மாதக்கணக்கில் வளர்த்த மீன் ஒரே இரவில் செத்து மிதக்கும். வைட்டமின் டியும் கொழுப்பில் தங்கிச் சேரும் சத்து என்பதால், அதிலும் அளவு முக்கியம்.

ஆகவே மீன் வளர்ப்பவர்கள் தீவன மூட்டை வாங்கும்போது, பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு செரிக்கும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.