கொட்டகை யாருது? மண் யாருது?

வரலாறு என்றாலே கோயிலையும் கோட்டையையும்தான் காட்டுகிறார்கள். அதற்குக் கல் சுமந்தவன் குடிசை எங்கே என்று கேட்டால், 'அதுல பாக்க என்ன இருக்கு?' என்கிறார்கள். என்ன இருக்கு என்று சொல்ல இம்முறை ஒரு தகரக் கொட்டகை வரிசையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வட எல்லை மாநிலங்களில் ஒன்றான மின்னசோட்டாவில் வெர்மிலியன் என்றொரு ஏரி. அதன் கரையோரம் சூடான் என்ற சுரங்க ஊர். அந்த மாநிலத்தின் முதல் இரும்புத்தாது 1884இல் இங்கிருந்துதான் ரயிலேறியது. தோண்டியவர்கள் கார்ன்வால், ஸ்லோவீனியா, ஃபின்லாந்து, சுவீடன், இத்தாலி என்று பல திசைகளிலிருந்தும் வயிற்றுப்பாட்டுக்காக வந்த கூலிகள். ஊரே கம்பெனி ஊர். சுரங்கம், நிலம், சம்பளம் எல்லாம் கம்பெனி கையில்.

அந்தத் தொழிலாளிகள் ஏரியின் ஸ்டன்ஸ் விரிகுடாவில் தங்கள் படகுகளை நிறுத்தக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். மரச்சட்டம், பலகை, தகரம். ஒன்றையொட்டி ஒன்றாக நூற்றுக்கும் மேலே. எஞ்சினியர் வரைந்து கொடுத்ததில்லை. இருட்டுக் குழியில் மாடாய் உழைத்தவன், வெளிச்சத்தில் மீன் பிடிக்கவும் காற்று வாங்கவும் தன் கையால் கட்டிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் கம்பெனிக்கு லாபம் தராத ஒரே கட்டடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1962இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு அந்த இடம் மாநில அரசின் பூங்காவானது. கொட்டகைகள் நின்றன. 2007இல் அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் அந்தக் கொட்டகைத் தொகுதி ஏறியது. முதலாளி மாளிகைக்குக் கிடைக்கிற மரியாதை கூலிக்காரன் தகரத்துக்கும் கிடைத்தது. இது நல்ல சேதிதான். ஆனால் இதோடு கைதட்டிவிட்டு எழுந்து போக நம்மால் முடியாது.

ஏனென்றால் கொட்டகை தொழிலாளியுடையது. அதன் கீழே இருக்கிற மண் அவனுடையதல்ல. முன்பு கம்பெனி மண், பிறகு அரசு மண். அதற்கும் முன்பு? அது ஒஜிப்வே பழங்குடி மக்களின் ஏரி. தங்கம் இருக்கிறதென்று 1865இல் வெள்ளையர் கூட்டம் அங்கே ஓடியது. 1866இல் போய்ஸ் ஃபோர்ட் ஒஜிப்வேக்களிடம் ஒப்பந்தம் போட்டு ஏரியைச் சுற்றிய நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். 1881இல் கரையோரம் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். விரிகுடாவுக்கோ ஸ்டன்ஸ் என்ற நில அளவையாளன் பேர். சங்கிலி பிடித்து அளந்தவன் பேர் நிற்கிறது; அளக்கப்பட்டவன் பேர் எங்கே? சுரண்டப்பட்டவன் கட்டிய கொட்டகைக்கு அடியிலும் இன்னொரு பறிகொடுத்தவன் மண் இருக்கிறது. தொழிலாளி வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஆழம் வரைக்கும் தோண்ட வேண்டும்.

சூடானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தச் சுரங்கத்தின் 27ஆவது மட்டத்தில், 2341 அடி ஆழத்தில், புரோட்டான் சிதைவைத் தேடி விஞ்ஞானிகள் சோதனை நடத்தினார்கள். அதே தேடல் கோலார் தங்கவயலிலும் நடந்தது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை உலகுக்குக் காட்டிய குழிகளில் ஒன்று தங்கவயலின் சாம்பியன் ரீஃப். விஞ்ஞானப் புத்தகத்தில் இரண்டு சுரங்கமும் இருக்கின்றன. அந்தக் குழியை வெட்டினவன் எந்தப் புத்தகத்தில் இருக்கிறான்?

தங்கவயலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன நம் சனங்கள். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசையில் கிடந்தார்கள். கைரேகை வைக்கச் சொன்ன உத்தரவை எதிர்த்து 1930இல் வேலையை நிறுத்தினார்கள். அவர்களும் கம்பெனி மண்ணில் தங்களுக்கென்று கட்டினார்கள். படகுக் கொட்டகை அல்ல. பௌத்த சங்கம் கட்டினார்கள். அயோத்திதாசர் மறைந்த பிறகு அவர் எழுத்தை அச்சேற்றியது சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை. எந்தப் பல்கலைக்கழகமும் எட்டிப் பார்க்காத காலத்தில் குழிக்குள் இறங்கினவன் காசில் அந்தப் புத்தகங்கள் வந்தன. இன்று நாம் அவரைப் படிக்கிறோம் என்றால் அதற்கு அந்தக் கூலிக் காசும் ஒரு காரணம்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் மூடப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பும் பங்களாவும் 'பாரம்பரியம்' என்று பேசப்படுகின்றன. லைன் வீடுகளைப் பாரம்பரியம் என்று எவன் சொல்கிறான்? அதில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறவர்கள், 'வீடு எங்களுது' என்று மன்றாட வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களே, பதிவேட்டில் பேர் ஏறுவது மட்டும் விடுதலை ஆகாது. பட்டா இல்லாத புகழ் பசியாற்றாது. ஆனால் பதிவே இல்லாதவனுடைய உரிமையை மறுப்பது சுலபம். 'இங்க எவனும் இருந்ததே இல்லை' என்று ஒரு காகிதத்தைக் காட்டினால் போதும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்போம்: பேரும் வேணும், மண்ணும் வேணும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உங்கள் சேரியில் சனங்களே வெட்டிய கிணறு, கட்டிய இரவுப் பள்ளி, படிப்பகம், மன்றம் எதுவானாலும் எழுதுங்கள். யார் மண் சுமந்தார்கள், யார் காசு போட்டார்கள், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பெரியவங்ககிட்ட கேளுங்கள். அவங்க போயிட்டா கேக்க ஆள் இருக்காது. அடுத்தவன் வந்து எழுதட்டும் என்று காத்திருந்தால், வருகிறவன் அளவுச் சங்கிலியோடுதான் வருவான்.